செல்லுக்குள் உணவு எப்படி ஆற்றலாகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாப்பிட்டது செரித்து, குளுக்கோஸாகவும் கொழுப்பு அமிலமாகவும் அமினோ அமிலமாகவும் ரத்தத்தில் கலந்த பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் இங்கே பேச்சு. செரிமானம் பற்றிய கேள்விகளை விட்டுவிட்டேன். பாடமாகப் படிக்கும்போது இந்தப் பகுதி வெறும் பெயர்களின் குவியலாகத் தெரியும். உண்மையில் இது எலக்ட்ரான் உணவிலிருந்து கிளம்பி ஆக்சிஜனைப் போய்ச் சேரும் பயணம். அந்த எலக்ட்ரானை மட்டும் கண்ணில் இருந்து தவறவிடாமல் பின்தொடர்ந்தால், பெயர்கள் எல்லாம் தாமாகவே இடத்தில் வந்து உட்கார்ந்துவிடும்.

உணவில் ஆற்றல் எங்கே இருக்கிறது?

குளுக்கோஸின் பிணைப்புகளுக்குள் ஆற்றல் அடைபட்டுக் கிடக்கிறது, அவற்றை உடைத்தால் அது வெளியே வந்துவிடும் என்று பலரும் சொல்வார்கள். இது தவறு. எந்த வேதிப்பிணைப்பாக இருந்தாலும் அதை உடைக்க ஆற்றல் செலவாகும். புதிய பிணைப்பு உருவாகும்போதுதான் ஆற்றல் வெளிப்படும்.

அப்படியானால் லாபம் எங்கிருந்து வருகிறது? குளுக்கோஸில் கார்பனும் ஹைட்ரஜனும் எலக்ட்ரான்களைக் கிட்டத்தட்டச் சமமாகப் பகிர்ந்துகொண்டிருக்கின்றன. ஆக்சிஜனோ எலக்ட்ரான்களைத் தன் பக்கம் வலுவாக இழுக்கும் தனிமம். ஆக்சிஜன் மூலக்கூறில் இரண்டு ஆக்சிஜன் அணுக்களுக்கு இடையே இருக்கும் பிணைப்பு ஒப்பீட்டளவில் பலவீனமானது. அதை உடைக்க ஆகும் செலவு குறைவு, நீரிலும் கார்பன் டை ஆக்சைடிலும் உருவாகும் பிணைப்புகள் தரும் வரவு அதிகம். இந்த வித்தியாசம்தான் நமக்குக் கிடைக்கும் ஆற்றல்.

ஆகவே ஆற்றல் உணவுக்கு மட்டும் சொந்தமானது என்று சொல்வது பாதி உண்மைதான். உணவும் ஆக்சிஜனும் சேர்ந்த ஜோடிக்குத்தான் அது சொந்தம். ஆக்சிஜனே இல்லாத ஓர் உலகத்தில், ஒரு கரண்டி குளுக்கோஸுக்கு இங்கே இருக்கும் மதிப்பில் சிறு பகுதிகூட இருக்காது.

எரிப்பதும் செல் செய்வதும் ஒன்றுதானா?

தொடக்கமும் முடிவும் ஒன்று. நடுவில் நடப்பது வேறு.

1782-83 குளிர்காலத்தில் பிரான்சில் லவாய்சியரும் லாப்லாஸும் ஒரு கினிப் பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த கலத்துக்குள் வைத்தார்கள். அதன் உடல் வெப்பத்தில் எவ்வளவு பனி உருகியது, அது எவ்வளவு கார்பன் டை ஆக்சைடை வெளிவிட்டது என்று அளந்தார்கள். அதே அளவு கார்பன் டை ஆக்சைடு வரும்படி கரியை எரித்தும் பார்த்தார்கள். இரண்டு வெப்ப அளவுகளும் ஓரளவு நெருங்கி வந்தன. உயிருள்ள உடலில் நடப்பதும் ஒரு மெதுவான எரிதல்தான் என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள்.

கணக்கு சரிதான். ஒரு மோல் குளுக்கோஸை, அதாவது 180 கிராமை, அடுப்பில் எரித்தாலும் செல்லுக்குள் படிப்படியாக ஆக்சிஜனேற்றம் செய்தாலும் வெளிப்படும் கட்டிலா ஆற்றல், அதாவது வேலைக்குப் பயன்படக்கூடிய ஆற்றல், சுமார் 2,870 கிலோ ஜூல்தான். மாடியிலிருந்து குதித்தாலும் படியில் இறங்கினாலும் வந்து சேரும் தரை ஒன்றே. குதித்தால் மோதலில் எல்லாம் வீணாகும், படியிறங்கும்போது ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் வேலை வாங்கலாம். நெருப்பில் எலக்ட்ரான்கள் ஒரேயடியாக ஆக்சிஜனிடம் பாய்கின்றன. செல்லில் அவற்றை நொதிகள் கைமாற்றிக் கைமாற்றி இறக்குகின்றன. அதனால்தான் உடல் வெப்பநிலையிலேயே இத்தனையும் நடக்க முடிகிறது.

மூச்சு விடுவதைத்தான் செல் சுவாசம் என்கிறார்களா?

இல்லை. மூச்சு என்பது நுரையீரலின் வேலை: காற்றை உள்ளே இழுத்து வெளியே விடுவது. செல் சுவாசம் என்பது ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நடக்கும் வேதிவினைத் தொடர். மூச்சு அதற்கு ஆக்சிஜனைக் கொண்டுவந்து தருகிறது, கழிவான கார்பன் டை ஆக்சைடை அப்புறப்படுத்துகிறது. நுரையீரலே இல்லாத ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் செல் சுவாசம் செய்கின்றன.

ஏடிபி என்பது என்ன? ஏன் எல்லாரும் அதைப் பற்றியே பேசுகிறார்கள்?

அடினோசின் ட்ரை பாஸ்பேட் என்பதன் சுருக்கம் ஏடிபி. ஓர் அடினோசினும், அதன் வாலில் வரிசையாக மூன்று பாஸ்பேட்டும். கடைசி பாஸ்பேட்டை நீர் சேர்த்துப் பிரித்தால் ஏடிபி, ஒரு பாஸ்பேட் குறைந்த அடினோசின் டை பாஸ்பேட்டாக மாறும். இதன் ஆங்கிலச் சுருக்கமும் தமிழில் ஏடிபி என்றே வந்து குழப்பும் என்பதால், இங்கே டை பாஸ்பேட் என்றே சொல்கிறேன். தசை சுருங்குவது, நரம்புச் செல் சோடியத்தை வெளியே தள்ளுவது, புரதம் கட்டப்படுவது எல்லாமே பெரும்பாலும் இந்த ஒரு மாற்றத்தை நம்பித்தான் நடக்கின்றன.

1929-இல் ஜெர்மனியில் கார்ல் லோமன் இதைக் கண்டறிந்தார். அதே ஆண்டு அமெரிக்காவின் ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயும் எல்லாப்பிரகட சுப்பாராவும் தசையிலிருந்து அதைத் தனியே பிரித்தார்கள். அதற்கு 2 ஆண்டுகளுக்கு முன்பே, தசையில் அவசரத் தேவைக்கு உதவும் பாஸ்போகிரியேட்டினைக் கண்டவர்களும் இந்த இருவர்தான். சுப்பாராவின் பெயர் இந்தப் பாடத்தில் போதிய அளவு சொல்லப்படுவதில்லை என்பது என் வருத்தம். பிறகு 1941-இல் ஃபிரிட்ஸ் லிப்மான், செல்லின் ஆற்றல் பரிமாற்றம் முழுவதற்கும் பாஸ்பேட்தான் நடுவில் நிற்கிறது என்று தெளிவாக எழுதினார்.

இங்கேயும் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். ஏடிபியில் மாயமான ஓர் உயர் ஆற்றல் பிணைப்பு எதுவும் கிடையாது. ஏடிபியின் சக்தி, செல் அதை எந்த விகிதத்தில் வைத்திருக்கிறது என்பதில் இருக்கிறது. தன் போக்கில் விட்டால் ஏடிபி அனேகமாக முழுவதும் டை பாஸ்பேட்டாக உடைந்து சமநிலைக்கு வந்துவிடும். செல் அப்படி விடுவதில்லை. சமநிலையில் இருந்து கோடிக்கணக்கான மடங்கு விலகிய நிலையில், ஏடிபி நிறையவும் டை பாஸ்பேட் குறைவாகவும் இருக்கும்படி ஓயாமல் பார்த்துக்கொள்கிறது. அந்த விலகலே வேலை செய்யும் திறன். செல் இறந்து சமநிலை வந்த பிறகு, அங்கே எஞ்சியிருக்கும் ஏடிபியால் எந்த வேலையும் நடக்காது.

ஒரு நாளைக்கு எவ்வளவு ஏடிபி தேவைப்படுகிறது?

நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒருவர் நாளொன்றுக்கு 2,000 கிலோ கலோரி செலவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது சுமார் 8,400 கிலோ ஜூல். அதில் 40 சதவீதம் ஏடிபி வழியாகப் போகிறது என்றால் 3,360 கிலோ ஜூல். செல்லுக்குள் இருக்கும் நிலையில் ஒரு மோல் ஏடிபி சுமார் 50 கிலோ ஜூல் தரும். ஆக 67 மோல். ஒரு மோல் ஏடிபியின் எடை 507 கிராம். பெருக்கினால் ஏறக்குறைய 34 கிலோ!

ஆனால் எந்த நேரத்திலும் உடலில் இருக்கும் ஏடிபி சில நூறு கிராமைத் தாண்டாது. அப்படியானால் ஒவ்வொரு மூலக்கூறும் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான முறை உடைந்து, மறுபடி கட்டப்படுகிறது என்று அர்த்தம். ஏடிபியைச் சேமித்து வைக்க முடியாது, செய்துகொண்டே இருக்க வேண்டும். மூளைக்குச் சில நிமிடம் ஆக்சிஜன் போகாவிட்டால் ஏன் அவ்வளவு ஆபத்து என்பது இந்தக் கணக்கிலிருந்தே புரியும்.

கிளைக்காலிசிஸில் என்ன நடக்கிறது?

6 கார்பன் கொண்ட குளுக்கோஸ், 10 படிகளில், 3 கார்பன் கொண்ட இரண்டு பைருவேட்டாகப் பிளக்கப்படுகிறது. இது, செல்லுக்குள் தனிச் சவ்வோடு இருக்கும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியே, செல்லை நிரப்பியிருக்கும் சைட்டோபிளாசத்தில் நடக்கிறது. ஆக்சிஜன் தேவையில்லை. முதலில் 2 ஏடிபி செலவாகும், பிறகு 4 கிடைக்கும், நிகர வரவு 2. கூடவே எலக்ட்ரான்களை ஏற்றிச் செல்லும் என்ஏடி என்ற மூலக்கூறு இரண்டு, எலக்ட்ரான் ஏறிய நிலைக்கு வருகின்றன. இந்த எலக்ட்ரான் ஏறிய வடிவத்தை என்ஏடிஹெச் என்பார்கள்.

வரலாற்றில் இதற்குத் தனி இடம் உண்டு. சர்க்கரை ஆல்கஹாலாக மாறும் நொதித்தல் நடக்க உயிருள்ள ஈஸ்ட் செல் வேண்டும் என்று பாஸ்டர் காட்டியிருந்தார். 1897-இல் எட்வர்ட் புக்னர் ஈஸ்ட்டை மணலோடு அரைத்து, பிழிந்து, செல்லே இல்லாத சாற்றில் சர்க்கரையைப் போட்டார். அது நுரைத்து ஆல்கஹாலாக மாறியது. உயிர் போன பிறகும் வினை நடக்கிறது என்றால், தனியான உயிர்விசை எதுவும் இதற்குத் தேவையில்லை, நொதிகள் போதும். உயிர்வேதியியல் என்ற துறைக்கே அடித்தளம் போட்டது இந்தச் சோதனை என்று தயங்காமல் சொல்வேன். 1907-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆக்சிஜன் இல்லாவிட்டால் செல் என்ன செய்யும்?

கிளைக்காலிசிஸை மட்டும் நம்பிப் பிழைக்கும். ஆனால் அதிலும் ஒரு சிக்கல். செல்லில் என்ஏடி கொஞ்சம்தான் இருக்கிறது. எல்லாவற்றிலும் எலக்ட்ரான் ஏறிவிட்டால், அடுத்த குளுக்கோஸின் எலக்ட்ரானை வாங்கிக்கொள்ள ஆளில்லாமல் வேலை நின்றுவிடும். எனவே அந்த எலக்ட்ரான்களை எங்காவது இறக்கியாக வேண்டும். நம் தசை அவற்றைப் பைருவேட் மேலேயே இறக்குகிறது, அது லாக்டேட் ஆகிறது. ஈஸ்ட் பைருவேட்டிலிருந்து ஒரு கார்பன் டை ஆக்சைடை நீக்கிவிட்டு, மிச்சத்தின் மேல் இறக்குகிறது, அது எத்தனால் ஆகிறது.

நொதித்தலில் புதிதாக ஏடிபி எதுவும் கிடைப்பதில்லை என்பதைக் கவனியுங்கள். அதன் ஒரே பயன், என்ஏடியைக் காலி செய்து திருப்பித் தருவது. இதைப் புரிந்துகொண்டால் மனப்பாடமே தேவையில்லை.

ரத்தச் சிவப்பணுக்களுக்கு மைட்டோகாண்ட்ரியாவே கிடையாது. சுமந்து செல்லும் ஆக்சிஜனில் ஒரு துளியையும் தம் ஆற்றலுக்குப் பயன்படுத்தாமல், சுமார் 120 நாள் வாழ்நாள் முழுவதும் அவை கிளைக்காலிசிஸிலேயே காலம் தள்ளுகின்றன.

உடற்பயிற்சிக்கு மறுநாள் வரும் வலிக்கு லாக்டிக் அமிலம்தானே காரணம்?

இல்லை. லாக்டிக் அமிலத்தின் மறுவடிவமான லாக்டேட், பயிற்சி முடிந்து ஒரு மணி நேரம் போல ஆனதும் ரத்தத்திலிருந்து பெரும்பாலும் அகன்றுவிடும். அந்த வலியோ ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். பழக்கமில்லாத உழைப்பால் தசை நார்களில் ஏற்படும் நுண்ணிய சேதமும் அதைத் தொடரும் அழற்சியும்தான் காரணம்.

லாக்டேட்டைக் கழிவு என்பதும் சரியல்ல. இதயத் தசை அதை வாங்கி எரிபொருளாகப் பயன்படுத்துகிறது. கல்லீரல் அதைத் திரும்பக் குளுக்கோஸாக மாற்றி அனுப்புகிறது. கார்ல், கெர்ட்டி கோரி தம்பதியின் பெயரால் இதைக் கோரி சுழற்சி என்கிறோம்.

கிரப்ஸ் சுழற்சி ஏன் சுழற்சியாக இருக்கிறது? நேராகவே உடைத்துவிடலாமே?

நல்ல கேள்வி, பலரும் கேட்கத் தயங்கும் கேள்வி.

பைருவேட் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழைந்ததும் ஒரு கார்பனை கார்பன் டை ஆக்சைடாக இழந்து, இரண்டு கார்பன் கொண்ட அசிட்டைல் குழுவாக மாறுகிறது. கோஎன்சைம் ஏ என்ற மூலக்கூறு அதைத் தாங்கிக்கொள்கிறது. இந்தச் சின்ன இரண்டு கார்பன் துண்டை நேரடியாகப் பிளப்பது வேதியியல்ரீதியாக மிகக் கடினம். அதனால் செல் அதை 4 கார்பன் கொண்ட ஆக்சலோ அசிட்டேட்டோடு ஒட்டி, 6 கார்பன் கொண்ட சிட்ரேட்டாக்குகிறது. இப்போது பிளக்கத் தோதான இடங்கள் கிடைத்துவிட்டன. இரண்டு கார்பன்களைக் கார்பன் டை ஆக்சைடாக நீக்கி, வழிநெடுக எலக்ட்ரான்களைப் பறித்துக்கொண்டு, கடைசியில் அதே ஆக்சலோ அசிட்டேட்டுக்கே திரும்பி வருகிறது. ஒட்டிக்கொள்ள உதவிய மூலக்கூறு செலவாகாமல் மீண்டும் கிடைப்பதால்தான் அது சுழற்சி. இன்னொரு நுணுக்கம்: ஒரு சுற்றில் வெளியேறும் இரண்டு கார்பன்கள், அந்தச் சுற்றில் உள்ளே வந்தவை அல்ல. புதிதாக வந்தவை அடுத்தடுத்த சுற்றுகளில்தான் வெளியேறும்.

ஹான்ஸ் கிரப்ஸ் 1937-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில், வில்லியம் ஜான்சனோடு சேர்ந்து இதைக் கண்டார். புறாவின் நெஞ்சுத் தசையை அரைத்து வைத்துக்கொண்டு, அது எவ்வளவு ஆக்சிஜனை எடுக்கிறது என்று அளந்தார்கள். கொஞ்சம் சிட்ரேட் சேர்த்தபோது, அந்தச் சிட்ரேட்டை மட்டும் எரிக்கத் தேவையானதைவிட அதிகமான ஆக்சிஜன் உறிஞ்சப்பட்டது. சேர்த்த பொருள் தீர்ந்துபோகாமல் திரும்பத் திரும்ப வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று என்ன வேண்டும்? யூரியா உருவாவதில் ஒரு சுழற்சியை 1932-இலேயே கண்டிருந்ததால், வட்டமாக யோசிக்க அவருக்குப் பழக்கம் இருந்தது. 'நேச்சர்' இதழ், வெளியிட இடமில்லை என்று அந்தக் கட்டுரையைத் திருப்பி அனுப்பியது. வேறோர் இதழில் அது வெளிவந்தது. 1953-இல் நோபல் பரிசை அவர் லிப்மானோடு பகிர்ந்துகொண்டார்.

ஒரு சுற்றில் நேரடியாகக் கிடைப்பது ஒரே ஒரு ஏடிபிக்கு நிகரான பாஸ்பேட்தான். ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் 3 என்ஏடியும், எஃப்ஏடி என்ற மற்றொரு சுமப்பான் ஒன்றும் எலக்ட்ரான்களை ஏற்றிக்கொண்டு வெளியே வருகின்றன. சுழற்சியின் உண்மையான விளைச்சல் அந்த எலக்ட்ரான்கள்தான்.

நாம் சுவாசிக்கும் ஆக்சிஜன்தான் கார்பன் டை ஆக்சைடாக வெளியே வருகிறதா?

அப்படித்தான் தோன்றும், ஆனால் இல்லை. செல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் பெரும்பகுதி மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வில் எலக்ட்ரான்களைப் பெற்று நீராகிவிடுகிறது. வெளிவரும் கார்பன் டை ஆக்சைடில் இருக்கும் ஆக்சிஜன் அணுக்கள் உணவிலிருந்தும், இடைப்பட்ட வினைகளில் சேர்க்கப்படும் நீரிலிருந்தும் வந்தவை. அந்த வாயு கிரப்ஸ் சுழற்சியிலும் அதற்கு முந்தைய படியிலும் உருவாகிறது. அங்கே ஆக்சிஜன் மூலக்கூறு நேரடியாகக் கலந்துகொள்வதே இல்லை.

எலக்ட்ரான் கடத்துச் சங்கிலியில் ஏடிபி எப்படி உருவாகிறது?

இந்தப் பாடத்தின் உச்சம் இதுதான். விஞ்ஞானிகளையே பல ஆண்டுகள் திணறடித்த கேள்வியும் இதுதான்.

எலக்ட்ரானை ஏற்றி வந்த என்ஏடிஹெச், மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வில் பதிந்திருக்கும் பெரிய புரதத் தொகுப்பு ஒன்றிடம் அதை ஒப்படைக்கிறது. அங்கிருந்து எலக்ட்ரான் கோஎன்சைம் க்யூ, அடுத்த தொகுப்பு, சைட்டோகுரோம் சி, கடைசித் தொகுப்பு என்று இரும்பும் செம்பும் கொண்ட மையங்கள் வழியே கைமாறி, இறுதியில் ஆக்சிஜனை அடைகிறது. இந்த இறக்கம் மொத்தம் 1.14 வோல்ட். ஆனால் இந்த வழியில் எங்கேயுமே ஏடிபி உருவாகவில்லை! எலக்ட்ரான் ஓட்டத்தையும் ஏடிபியையும் இணைக்கும் ஏதோ ஓர் இடைநிலை வேதிப்பொருள் இருக்க வேண்டும் என்று 1950-களில் பல ஆய்வகங்கள் தேடின. யாருக்கும் அது அகப்படவில்லை.

1961-இல் பீட்டர் மிட்செல் என்ற ஆங்கிலேயர், அப்படி ஒரு பொருளே இல்லை என்றார். எலக்ட்ரான் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், புரோட்டான்களை, அதாவது எலக்ட்ரானை இழந்த ஹைட்ரஜன் அணுக்களை, சவ்வின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தள்ளப் பயன்படுகிறது. ஒரு பக்கம் புரோட்டான் கூடி, மறுபக்கம் குறைந்து, சவ்வின் குறுக்கே மின்னழுத்தம் உண்டாகிறது. அந்த வேறுபாடுதான் நடுவில் ஆற்றலைத் தாங்கி நிற்கிறது. அதாவது வேதிப்பொருளைத் தேடிக்கொண்டிருந்தவர்களிடம், சவ்வின் இரு பக்கங்களையும் பாருங்கள் என்று அவர் சொன்னார்.

எளிதில் யாரும் ஏற்கவில்லை. உடல்நலம் சரியில்லாமல் எடின்பரோ பல்கலைக்கழகத்தை விட்டு வந்த மிட்செல், கார்ன்வாலில் கிளின் ஹவுஸ் என்ற பழைய மாளிகையைச் செப்பனிட்டு, ஜெனிஃபர் மொய்லுடன் அங்கேயே ஆய்வகம் நடத்தினார். ஆதாரங்கள் ஒவ்வொன்றாக வந்தன. எனக்கு மிகவும் பிடித்தது 1974-இல் எஃப்ரைம் ராக்கரும் வால்டர் ஸ்டோக்கனியஸும் செய்த சோதனை. செயற்கையாகச் செய்த சவ்வுக் குமிழிகளில் இரண்டே புரதங்களைப் பதித்தார்கள். ஒன்று, உப்பு நீரில் வாழும் நுண்ணுயிரியிலிருந்து எடுத்தது, வெளிச்சம் பட்டால் புரோட்டானைத் தள்ளும். மற்றொன்று, மாட்டின் இதயத்திலிருந்து எடுத்த, ஏடிபி ஆக்கும் நொதியான ஏடிபி சிந்தேஸ். இரண்டுக்கும் எந்த உறவும் இல்லை, கடத்துச் சங்கிலியும் அங்கே இல்லை. விளக்கைப் போட்டதும் ஏடிபி உருவானது. இரண்டையும் இணைக்கப் புரோட்டான் வேறுபாட்டைத் தவிர அந்தக் குமிழியில் வேறு எதுவுமே இல்லை. மிட்செலுக்கு 1978-இல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த மின்னழுத்தம் 150 மில்லி வோல்ட் போலத்தான். ஆனால் சவ்வின் தடிமன் 5 நானோமீட்டர் அளவே. மீட்டர் கணக்குக்கு மாற்றினால் 3 கோடி வோல்ட் வரும். நம் உடலில், ரத்தச் சிவப்பணுக்களைத் தவிர, ஏறக்குறைய எல்லா வகைச் செல்களிலும் இந்த நொடியில் அந்த அழுத்தம் நின்றுகொண்டிருக்கிறது.

ஏடிபி சிந்தேஸ் நிஜமாகவே சுழல்கிறதா, இல்லை படத்துக்காக அப்படி வரைகிறார்களா?

நிஜமாகவே சுழல்கிறது, கண்ணால் பார்த்திருக்கிறார்கள்.

சவ்வுக்குள் ஒரு வளையம், அதிலிருந்து உள்ளே நீளும் ஒரு தண்டு, தண்டைச் சுற்றி மூன்று வினையிடங்கள் கொண்ட ஒரு தலை. புரோட்டான் வளையம் வழியே திரும்பி வரும்போது வளையமும் தண்டும் சுழலும். தண்டு சமச்சீராக இல்லாததால், அது திரும்பத் திரும்ப மூன்று வினையிடங்களும் மாறி மாறி வடிவம் மாறுகின்றன: ஒன்று டை பாஸ்பேட்டையும் பாஸ்பேட்டையும் பிடிக்கும், அடுத்தது அவற்றை இணைக்கும், மற்றது முடிந்த ஏடிபியை விடுவிக்கும். ஆற்றல் முக்கியமாகச் செலவாவது இணைப்பதற்கு அல்ல, இறுகப் பிடித்திருக்கும் ஏடிபியை விடுவிப்பதற்கு. பால் போயர் இதை ஊகித்துச் சொன்னார். 1994-இல் ஜான் வாக்கர் குழு படிக அமைப்பை வெளியிட்டபோது மூன்று இடங்களும் மூன்று வெவ்வேறு நிலையில் இருந்தது தெரிந்தது. இருவருக்கும் 1997-இல் நோபலில் பங்கு கிடைத்தது.

அதே 1997-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அந்தத் தலையைக் கண்ணாடியில் ஒட்டி, தண்டின் முனையில் ஒளிரும் ஆக்டின் என்ற புரத இழை ஒன்றைப் பொருத்தினார்கள். தண்டு அவ்வளவு சிறியது, நுண்ணோக்கியில் தெரியாது. இழை அதைவிடப் பல மடங்கு நீளமானது, அது தெரியும். ஏடிபி ஊற்றியதும், இயந்திரம் பின்னோக்கி இயங்கி, இழை ஒரே திசையில் சுற்றத் தொடங்கியது. ஏடிபி குறைவாக இருந்தால் 120 டிகிரி, 120 டிகிரியாக நின்று நின்று திரும்பியது. 2004-இல் இன்னொரு படி மேலே போய், தண்டில் காந்தத் துகளைப் பொருத்தி, வெளியிலிருந்து காந்தத்தால் எதிர்த்திசையில் சுழற்றி ஏடிபியைச் செய்தே காட்டினார்கள்.

ஒரு குளுக்கோஸுக்கு 38 ஏடிபியா, 36-ஆ, 32-ஆ? எது சரி?

இன்றைய கணக்கு 30 முதல் 32. பழைய 36, 38 எல்லாம், ஒரு என்ஏடிஹெச்சுக்கு முழுசாக 3 ஏடிபி என்று எடுத்துக்கொண்டு போட்ட கணக்கு. உண்மையில் ஒரு என்ஏடிஹெச்சின் எலக்ட்ரான் ஜோடி 10 புரோட்டான்களைத் தள்ளுகிறது. ஓர் ஏடிபியைச் செய்து வெளியே அனுப்ப சுமார் 4 புரோட்டான் வேண்டும். ஆக 2.5. எஃப்ஏடி வழியாக வருவது 6 புரோட்டான், ஆக 1.5.

மொத்தம் 10 என்ஏடிஹெச்சுக்கு 25, இரண்டு எஃப்ஏடிக்கு 3, நேரடியாகக் கிடைத்தது 4. கூட்டினால் 32. சில திசுக்களில், சைட்டோபிளாசத்து எலக்ட்ரான்களை உள்ளே கொண்டுபோகும் வழியில் கொஞ்சம் இழப்பு உண்டு, அங்கே 30. சவ்வில் எப்போதும் சற்று புரோட்டான் கசிவதால், உடலில் கிடைப்பது இதைவிடவும் குறையும். இந்த வினையில் முழு எண் வந்தே தீர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. தேர்வுக்குப் படிப்பவர்கள் தங்கள் பாடநூலில் உள்ள எண்ணையே எழுதுங்கள், ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்து எழுதுங்கள்.

கொழுப்பும் புரதமும் இதே வழியில்தான் போகின்றனவா?

ஆமாம், வாசல் மட்டும் வேறு. கொழுப்பு அமிலம் இரண்டிரண்டு கார்பனாக நறுக்கப்பட்டு, அசிட்டைல் குழுவாகக் கிரப்ஸ் சுழற்சிக்குள் நுழைகிறது. 16 கார்பன் கொண்ட பால்மிடிக் அமிலம் ஒன்றுக்கு 106 ஏடிபி. சர்க்கரையில் ஏற்கனவே நிறைய ஆக்சிஜன் இருக்கிறது, அதாவது அது பாதி தூரம் இறங்கி வந்த பொருள். கொழுப்பில் ஹைட்ரஜன் அதிகம், ஆக்சிஜன் சொற்பம், எனவே இறங்க வேண்டிய தூரம் அதிகம். ஒரு கிராமுக்கு 9 கிலோ கலோரி, சர்க்கரைக்கு 4 என்ற வித்தியாசத்துக்கு இதுதான் காரணம். அமினோ அமிலங்களில் நைட்ரஜன் பகுதி நீக்கப்பட்டு யூரியாவாக வெளியேறும், மீதிக் கார்பன் சட்டகம் சுழற்சியில் எங்காவது ஓரிடத்தில் சேர்ந்துகொள்ளும்.

எடை குறையும்போது அந்தக் கொழுப்பு எங்கே போகிறது?

பெரும்பகுதி மூச்சு வழியாக. 2014-இல் வெளியான ஒரு கணக்கின்படி, 10 கிலோ கொழுப்பு முழுதாக ஆக்சிஜனேற்றம் அடைந்தால், அதில் 8.4 கிலோ கார்பன் டை ஆக்சைடாகவும் 1.6 கிலோ நீராகவும் வெளியேறுகிறது. அது வெப்பமாக மாறிவிட்டது என்பதோ, வியர்வையில் உருகி ஓடிவிட்டது என்பதோ சரியல்ல. அணுக்கள் எங்கும் காணாமல் போவதில்லை. அதற்காக வேகவேகமாக மூச்சு வாங்கினால் எடை குறையாது, தலைதான் சுற்றும். செல் எவ்வளவு எரிக்கிறதோ அவ்வளவுதான் வெளியே வரும்.

ஏடிபி செய்யாமல் வெப்பத்தை மட்டும் உண்டாக்க முடியுமா?

முடியும். புரோட்டான்கள் ஏடிபி சிந்தேஸ் வழியாக வராமல் வேறு ஓட்டை வழியாகத் திரும்பினால், ஆற்றல் முழுவதும் வெப்பமாகிவிடும். பச்சிளம் குழந்தைகளிடமும் குளிர்கால உறக்கம் கொள்ளும் விலங்குகளிடமும் இருக்கும் பழுப்புக் கொழுப்பு இதற்கென்றே ஒரு புரதத்தைச் சவ்வில் வைத்திருக்கிறது. குழந்தை நடுங்காமலேயே சூடாக இருப்பது அதனால்தான்.

இதையே மருந்தால் செய்யப் போய் உயிர்கள் பலியான வரலாறும் உண்டு. டைநைட்ரோபீனால் என்ற பொருள் புரோட்டான்களைச் சவ்வின் குறுக்கே கடத்திவிடும். 1930-களில் அமெரிக்காவில் உடல் இளைக்க அதைச் சாப்பிட்டார்கள். எடை குறைந்தது உண்மை. ஆனால் உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறிச் சிலர் இறந்தார்கள், பலருக்குக் கண்புரை வந்தது. 1938-இல் அது மனிதர் உட்கொள்ளத் தகாதது என்று அறிவிக்கப்பட்டது. இதற்கு மாற்று மருந்து கிடையாது. எடை குறைக்கும் பொருள் என்ற பெயரில் யார் எங்கே விற்றாலும் தொடவே கூடாது.

சயனைடு ஏன் அவ்வளவு வேகமாகக் கொல்கிறது?

சங்கிலியின் கடைசித் தொகுப்பில், ஆக்சிஜன் வந்து உட்கார வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. எலக்ட்ரான்கள் இறங்க வழியில்லாமல் சங்கிலி முழுவதும் நின்றுவிடும். ரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும் செல்லால் அதைப் பயன்படுத்த முடியாது. ஏடிபி இருப்பு எவ்வளவு சொற்பம் என்பதை மேலே பார்த்தோம்.

செடிகள் ஒளிச்சேர்க்கை செய்கின்றனவே, அவற்றுக்கு இது எதற்கு?

ஒளிச்சேர்க்கை சர்க்கரையைச் செய்கிறது. அதை உடைத்து வேலை வாங்க, செடிக்கும் மைட்டோகாண்ட்ரியா வேண்டும். இரவில் மட்டும் சுவாசிக்கும் என்பதும் தவறு, இரவும் பகலும் நடக்கிறது. வேருக்கோ முளைக்கும் விதைக்கோ ஏது வெளிச்சம்?

தாமரைப் பூ ஒரு படி மேலே. சுற்றியிருக்கும் காற்று 10 டிகிரி வரை குளிர்ந்தாலும் தன் உள்பகுதியை 30 முதல் 36 டிகிரி செல்சியஸில் வைத்துக்கொள்ளும். எலக்ட்ரான்களைப் புரோட்டான் தள்ளாத ஒரு மாற்றுப் பாதையில் ஆக்சிஜனிடம் இறக்கிவிட்டு, அந்த வெப்பத்தைப் பெறுகிறது.

வைட்டமின் மாத்திரை ஆற்றல் தருமா?

வைட்டமினில் எரிக்க எதுவும் இல்லை. ஆனால் அது இல்லாவிட்டால் எரிக்கவும் முடியாது. என்ஏடி செய்ய நியாசின், எஃப்ஏடி செய்ய ரைபோஃபிளேவின், கோஎன்சைம் ஏ செய்யப் பேன்டோதெனிக் அமிலம் தேவை. பைருவேட்டை அசிட்டைலாக மாற்றும் நொதிக்குத் தயமின் வேண்டும். தயமின் கடுமையாகக் குறைந்தால் வருவது பெரிபெரி: பைருவேட் கிரப்ஸ் சுழற்சிக்குள் போக முடியாமல் தேங்கும், ஆற்றலை அதிகம் நம்பியிருக்கும் நரம்பும் இதயமும் முதலில் பாதிக்கப்படும். குறைபாடு இருப்பவருக்கு மாத்திரை பெரிய மாற்றத்தைத் தரும். ஏற்கனவே போதுமான அளவு இருப்பவருக்கு, கூடுதலாக விழுங்குவதால் செல் கூடுதலாக ஏடிபி செய்துவிடாது.

மைட்டோகாண்ட்ரியா ஒரு காலத்தில் பாக்டீரியாவாக இருந்ததா?

இருந்தது. 1967-இல் லின் மார்குலிஸ் இந்தக் கருத்தை அழுத்தமாக முன்வைத்தபோது எதிர்ப்பு பலமாக இருந்தது. பிறகு டிஎன்ஏ வரிசைகள் ஐயத்தைத் தீர்த்தன. மனித மைட்டோகாண்ட்ரியாவுக்கு வட்ட வடிவில் தனி டிஎன்ஏ இருக்கிறது: 16,569 எழுத்துகள், 37 மரபணுக்கள். அவற்றில் 13 மட்டும் புரதங்களுக்கானவை, அத்தனையும் கடத்துச் சங்கிலியையும் ஏடிபி சிந்தேஸையும் சேர்ந்தவை. சங்கிலிக்கு வேண்டிய மற்றப் புரதங்களுக்கான மரபணுக்கள் செல்லின் உட்கருவுக்குக் குடிபெயர்ந்துவிட்டன.

உட்கரு உள்ள உயிரி ஒன்றால் மைட்டோகாண்ட்ரியாவே இல்லாமல் வாழ முடியுமா என்று கேட்டால், ஓர் எடுத்துக்காட்டு கிடைத்திருக்கிறது. சின்சில்லா என்ற கொறிவிலங்கின் குடலிலிருந்து எடுத்த மோனோசெர்கோமோனாய்ட்ஸ் என்ற ஒருசெல் உயிரியில், மைட்டோகாண்ட்ரியாவின் சுவடுகூட இல்லை என்று 2016-இல் அறிவித்தார்கள். ஆக்சிஜன் அரிதான குடலுக்குள், உணவு தாராளமாகக் கிடைக்கும் இடத்தில், அது சைட்டோபிளாசத்து நொதிகளை மட்டும் வைத்துக்கொண்டே பிழைக்கிறது.